வளையம் இல்லாத வருஷம்

போன வாரம் முழுக்க அண்ணனும் தங்கையும் போனிலேயே மல்லுக்கட்டினார்கள். மாடிப்படியில் விழுந்த மனுஷன் என்னவோ, முழங்காலில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

அவர் ஆரோக்கியராஜ். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி ஜெசிந்தா ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் இறந்ததிலிருந்து, திண்டிவனத்தில் ரயில் லைனை ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். மகன் சேரன் விழுப்புரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். மகள் வேணியும் விழுப்புரத்தில்தான். கணவன் கோபியின் எலெக்ட்ரிக்கல் கடையில் பாதி வேலை அவள் தலையில்.

அப்பாவை விழுப்புரத்துக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்பது சேரனின் கட்சி. அப்பா வர மாட்டார். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை இருக்கிறது, அதற்குள் ஒரு டெலஸ்கோப் இருக்கிறது, அதை விட்டுவிட்டு வர மாட்டார். கூரைக்கு அடியில் இரும்புச் சக்கரம் வைத்து இரண்டு பக்கமும் தண்டவாளம் போட்டிருக்கிறார். பிடித்துத் தள்ளினால் கூரை பின்னால் போய்விடும், வானம் தெரியும். காலமெல்லாம் ரயில் ஓட்டியவர் வேறெப்படிக் கட்டுவார்? தெருக்காரர்கள் அதைப் புறாக் கூண்டு என்கிறார்கள். அவர் கேபின் என்கிறார்.

அந்தக் கேபினிலிருந்து இறங்கும்போதுதான் போன வாரம் விழுந்தார்.

"படி இருட்டா இருந்தா யாரு வேணா விழுவாங்க. நான் லைட்டு போட்டுத் தர்றேன். அப்பா அங்கயே இருக்கட்டும்," என்று வேணி அப்பாவுக்காக வாதாடினாள்.

"ஞாயித்துக்கிழம சாயந்திரம் நான் வர்றேன். நீ இன்னா வேணா மாட்டு. எனக்கு மனசு ஒப்புச்சுன்னா இருக்கட்டும். இல்லன்னா அன்னிக்கே துணிமணிய எடுத்துக்கினு கெளம்ப வேண்டியதுதான்," என்று சேரன் முடித்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

காலைப் பூசை முடிந்து ஜனங்கள் கலைகிற நேரத்துக்கு வேணி ரயிலிலிருந்து இறங்கி, தோளில் பையோடு தெருவுக்குள் நுழைந்தாள். பையில் சிவப்பு எல்.ஈ.டி. ஸ்ட்ரிப் சுருள், அதைப் பதிக்க அலுமினியப் பட்டை, அடாப்டர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் எல்லாம் இருந்தன.

தெருவில் வீட்டுக்கு வீடு காகித ஸ்டார் ஏறிவிட்டிருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்குகிறதே. அவர்கள் வீட்டு வாசலில் மட்டும் ஆணி சும்மா இருந்தது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. வருஷா வருஷம் அம்மாதான் நாற்காலி போட்டு ஏறிக் கட்டுவாள், கீழே நிற்கிறவர்களையெல்லாம் திட்டிக்கொண்டே கட்டுவாள். வேணிக்கு அந்த ஆணியைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போனாள்.

"வாம்மா," என்றார் அப்பா, அவள் செருப்பைக் கழற்றும்போதே. "ரயிலு லேட்டா?"

"எப்பவும் போலத்தான். கால் எப்படிப்பா கீது?"

"காலுக்கு இன்னா, அது பாட்டுக்குக் கீது. டீ போட்டுத் தர்றேன், உக்காரு."

அவர் டீ ஊற்றுவதை வேணி பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரின் விளிம்புக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டு ஊற்றினார். டீ விரலைத் தொட்டதும் நிறுத்தினார்.

"ஏம்ப்பா வெரல வுட்ற? அம்மா இருந்திருந்தா இன்னேரம் வீடே ரெண்டாயிருக்கும்."

"சூடு பாத்தேன்மா," என்று சிரித்தார். அவளும் சிரித்துவிட்டுக் குடித்தாள்.

அப்போதுதான் சேரன் போன் செய்தான். "நான் இருட்டறதுக்குள்ள வந்துடறேன். பைக்லதான் வர்றேன். ராத்திரில வண்டி ஓட்டவே புடிக்கல, எதிர்ல வர்றவன் லைட்டு ஒரே பேஜாரு. ஓனர்கிட்ட நைட்டு டிரிப்பே வாணாம்னுட்டேன்."

"நல்லதுதான். மொள்ள வா."

"அப்பா துணிய மடிச்சி வச்சிட்டாரா?"

"மொதல்ல வந்து லைட்டப் பாருண்ணா. அப்புறம் துணியப் பத்திப் பேசலாம்," என்று வேணி விறைப்பாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். ஜெயிக்கப் போகிறோம் என்ற நம்பிக்கை அவளுக்கு அப்போது நிறையவே இருந்தது.

வேலையை மாடிப்படியிலிருந்து தொடங்கினாள். ஒட்டும் டேப்பை மட்டும் நம்பினால் சிமெண்டு தூசியில் நாலு நாளில் ஸ்ட்ரிப் தொங்கிவிடும். அதனால் ஒவ்வொரு படியின் முன் விளிம்புக்கு அடியிலும் அலுமினியப் பட்டையைத் திருகி, அதற்குள் ஸ்ட்ரிப்பைப் பதித்தாள். வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் அடுத்த படியின் மேல் மட்டும் விழும்.

அப்பா மேல்படியில் உட்கார்ந்து திருகாணி எடுத்துக் கொடுத்தார். அவள் திருப்புளியை நீட்டினால் உடனே வாங்குவதில்லை. அவள் கையைத் தேடி, மணிக்கட்டைப் பிடித்து, அங்கிருந்து விரலுக்கு வந்து வாங்கினார். அம்மா போனதிலிருந்து மனுஷனுக்குத் தொட்டுப் பேச ஆள் இல்லை, அதனால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வாரம் ஒருமுறை வந்து, சோற்றைப் பார்த்து, துணியைப் பார்த்து, அடுத்த ரயிலைப் பிடித்து ஓடுகிற மகள் வேறென்ன நினைப்பாள்?

"ஏம்ப்பா செவப்பு லைட்டுதான் வேணும்னு அடம் புடிச்ச? வெள்ள போட்டா இன்னும் பளிச்சினு இருக்குமில்ல?"

"வெள்ள லைட்டு ஒருதரம் பட்டுடுச்சின்னா, கண்ணு மறுபடி இருட்டுக்குப் பழக எவ்ளோ நேரம் ஆவும் தெரியுமா? பொடி நட்சத்திரமெல்லாம் காணாமப் போய்டும். செவப்புன்னா அந்தத் தொந்தரவு கெடயாது." பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே சிரித்தார். "ஆனா ஒண்ணு. வூட்டு படி முழுக்க ரெட்டு போட்டுட்டியே, எனக்குக் கை தானா பிரேக்குக்குப் போவும்."

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கேபினுக்குள் போனார்கள். நடுவில் சிமெண்டுத் தூண், அதன்மேல் டெலஸ்கோப்பின் பருத்த குழாய். தூணை அப்பா தன் உயரத்துக்குக் கட்டியிருந்தார். கண் வைத்துப் பார்க்கிற இடம் குழாயின் மேல் நுனியில் இருந்தது. நல்ல வளர்த்தியான ஆள்தான் எட்டிப் பார்க்க முடியும்.

தூணைச் சுற்றித் தரையோரமாக ஸ்ட்ரிப்பைப் பதிக்கும்போது வேணியின் கையில் ஒரு மர முக்காலி தட்டுப்பட்டது. அதன் மூன்று காலும் நிற்கிற இடத்தில் தரைப் பெயிண்ட் தேய்ந்து போயிருந்தது.

"இது இன்னாப்பா? ஒனக்கு எதுக்கு முக்காலி?"

"அது ஒங்கம்மாளுது. துணி காயப் போட ஏறுவா."

துணிக் கொடி வெளியே இருக்கிறது, முக்காலி உள்ளே எதற்கு என்று வேணி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாயில் கம்பித் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் வந்ததும் எத காட்டுவ? நெலாவா?"

"நெலா இன்னும் வர்ல. சனி கோளு இருக்குது, தெக்க, ஒசரத்துல. ஆனா அவனுக்குச் சப்புன்னு பூடும். இந்த வருஷம் சனிக்கு வளையம் தெரியாது."

"ஏன், எங்க போச்சு?"

"எங்கயும் போவல. பக்கவாட்டுல திரும்பிக்கினு நிக்குது. தட்டைப் பக்கவாட்டுல வச்சிப் பாத்தா இன்னா தெரியும்? ஒரு கோடு. அவ்ளோதான். நடுவுல உருண்டை, குறுக்க ஊசி மாதிரி ஒரு கோடு. போன தை மாசமே ரொம்ப மெலிஞ்சி பூட்சின்னு ஒங்கம்மா..." அவர் நிறுத்தினார்.

"அம்மாவா? அம்மா எப்ப இதுல பாத்துச்சு? இந்தக் கூண்டையே இடிச்சித் தள்ளணும்னு திட்டிக்கினே இருக்குமே?"

"என்னிக்கோ ஒருவாட்டி எட்டிப் பாத்தா," என்று அப்பா பேச்சை மாற்றினார். "அந்த ஒயர ஜல்தி முடிம்மா. பொழுது சாயுது பாரு."

பொழுது சாய்ந்தது. பக்கத்து வீட்டு ஸ்டார் ஒன்று எரிய ஆரம்பித்தது. வேணி கேபின் கதவைச் சாத்தினாள். கூரை மூடியிருந்ததால் உள்ளே நல்ல இருட்டு. அப்பா தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"போடறேன்ப்பா," என்று சுவிட்சைத் தட்டினாள்.

சுவிட்ச் டக்கென்றது. ஸ்ட்ரிப் எரியவில்லை.

"ஆங்," என்றார் அப்பா. "நல்லாக்கீது. கண்ணக் குத்தாம இருக்குது. இந்த அளவே போதும்."

கிண்டல் பண்ணுகிறார் என்று வேணி முதலில் சிரித்தாள். டார்ச்சை அடித்துப் பார்த்தாள். பிளஸ்ஸும் மைனஸும் மாற்றிக் கொடுத்திருந்தாள். கடைக்காரன் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு தப்பா என்று தன்னையே நொந்துகொண்டு கம்பியை மாற்றி முறுக்கினாள். அப்பா இன்னும் சிரிக்காமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"படிக்கும் இதே அளவுதானம்மா? கரெக்டு. சேரன் வாயே தெறக்க மாட்டான் பாரு."

அவர் கிண்டல் பண்ணவில்லை. அது புரிந்த நொடியில் வேணி திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவளுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. இன்ஜினில் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். சிக்னல் வந்ததும் ஒருவர் அதன் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர் தன் கண்ணால் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் தப்பாகப் பார்த்தாலும் இன்னொருவர் பிடித்துவிடுவார் என்பது ஏற்பாடு. அப்பா இந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சின்ன வயசில் மாடியிலிருந்து ஸ்டேஷன் சிக்னலைப் பார்த்து அவர் "பச்சை" என்பார், பிள்ளைகள் "பச்சை" என்று கத்துவார்கள். அடுப்படியில் அம்மா "கேஸ் ஆஃப்" என்றால் வாசலிலிருந்து அப்பா "கேஸ் ஆஃப்" என்பார். இன்றைக்கும் அந்த வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அவர் வாய் தானாகத் திருப்பிச் சொல்லிவிடும்.

வேணி சுவிட்சைப் போட்டாள். இந்த முறை ஸ்ட்ரிப் எரிந்தது. தூணைச் சுற்றித் தரை முழுக்கச் சிவந்தது. அப்பாவின் காலும் வேட்டியும் சிவந்தன.

அவள் சத்தமாகச் சொன்னாள்.

"பச்சை."

"பச்சை," என்றார் அப்பா.

அவள் முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழக் கூடாது என்று வாயைப் பொத்தினாள். ஆனால் காது கேட்கிறதே அவருக்கு.

"இன்னாம்மா? ஏன் அழுவற?"

"அது ரெட்டுப்பா."

அப்பா தூணை மட்டும் தடவிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு கூட்ஸ் வண்டி கீழே லைனில் நீளமாகப் போய் முடிந்தது. அது போன பிறகுதான் பேசினார்.

"பகல்ல நடுவால கொஞ்சம் தெரியும்மா. ஒன் மூஞ்சி தெரியும். ஓரமெல்லாம் கெடயாது. இருட்டிட்டா ஒண்ணுமே இல்ல."

"எவ்ளோ நாளா?"

"ரிட்டையராயி, இத கட்டி முடிச்சி, கொஞ்ச நாளுதான் நல்லா பாத்தேன். அப்புறம் லைட்டப் பாத்தா சுத்தியும் ஒரு வளையம் கட்டும். செவப்பு, பச்சை, ஊதான்னு வானவில்லு கணக்கா. ஸ்டேஷன் லைட்டு, தெரு லைட்டு, எல்லாத்துக்கும். மானத்துல ஈரம் ஜாஸ்தி போலன்னு வுட்டுட்டேன். வலி கிலி எதுவும் பெரிசா இல்ல. அப்புறம் ஒருநா ஒங்கம்மாதான் பாண்டிக்கு இட்டுக்கினு போனா. கண்ணுக்குள்ள பிரஷராம். வளையம் தெரிஞ்ச அன்னிக்கே வந்திருந்தா நிறுத்தி வச்சிருக்கலாம், போன பார்வ திரும்பி வராதுன்னுட்டாரு டாக்டரு."

"எங்ககிட்ட ஏம்ப்பா சொல்லல?" வேணிக்குக் கோபம் வந்தது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தால் குரல் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. "நான் இன்னா அயலாளா? ஒவ்வொரு வாரமும் வந்துக்கினு போறேனே. நீ பாக்கறன்னு நம்பி அண்ணன்கிட்ட சண்ட போட்டேனே."

"சொன்னா கூட்டிக்கினு பூடுவீங்க. அங்க அந்த வூட்ல ஒரு மூலையில குந்த வச்சிடுவீங்க. இங்கன்னா எந்தப் படி எங்க கீதுன்னு காலுக்குத் தெரியும்."

"அப்புறம் எப்படி விழுந்த?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சேரன்கிட்ட சொல்லாதம்மா," என்றார். ரயில்காரர் கெஞ்சி வேணி பார்த்ததே இல்லை. "கிறிஸ்மஸ் வரைக்குமாவது. அவ இல்லாத மொத கிறிஸ்மஸ். இந்த வூட்ல இருந்துட்டு வர்றேன்."

தெருமுனையில் சேரனின் பைக் திரும்பும் சத்தம் கேட்டது.

சொன்னால், அப்பாவை இந்த வீட்டிலிருந்து பிய்த்து எடுத்தவள் அவளாகிவிடுவாள். சொல்லாவிட்டால், தான் போட்ட விளக்கை நம்பி அவரைத் தனியே விட்டுப் போவாள். அந்த விளக்கு எரிவது அவருக்குத் தெரியாது. வேணி எழுந்து முகத்தைத் துடைத்தாள், படியின் சுவிட்சையும் போட்டாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

சேரன் படியேறி வந்தான். அவன் வருகிற சத்தத்திலேயே அவன் கோபமாக இல்லை என்று தெரிந்தது.

"அடிப்பாவி. தெருமுனையில இருந்து பாத்தா மாடிப்படி முழுக்கச் செவப்பா எரியுது. அம்மா போன வருஷத்துல ஸ்டாரு கட்டிட்டியோன்னு திக்குன்னு ஆயிடுச்சு."

"ஸ்டாரெல்லாம் கட்டலண்ணா."

"தெரியுது தெரியுது." அவன் குனிந்து படிக்கடியில் விரலை விட்டுப் பார்த்தான். கேபினுக்குள் வந்து தரையோர வெளிச்சத்தைச் சுற்றிப் பார்த்தான். "சொல்லக் கூடாது, நல்லாவே பண்ணியிருக்க. ஒவ்வொரு படியும் தனித்தனியா தெரியுது. கொழந்தகூட எறங்கும்." பிறகு அப்பாவைப் பார்த்து அசடு வழியச் சிரித்தான். "சரிப்பா. நான் தோத்துட்டேன். நீ இங்கயே இரு. இனிமே நான் அதப் பத்திப் பேசல."

அப்பா வேணி நின்றிருந்த பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். ஆனால் அவள் அங்கிருந்து நகர்ந்து கதவுப் பக்கம் வந்துவிட்டது அவருக்குத் தெரியவில்லை. அவள் இல்லாத இடத்தைப் பார்த்து முகத்தாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்த பிறகு வேணியால் மறைக்க முடியவில்லை.

"ண்ணா, அப்பாக்குக் கண்ணு தெரியல."

"இன்னா?"

"லைட்டு எரியுதா இல்லியான்னே தெரியல. ரொம்ப நாளாவே தெரியலியாம். அம்மாக்கு மட்டும் தெரியும்." பிறகு அப்பாவிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கப்பா. என்னால முடியல."

அப்பா கையை உதறவில்லை. "வுடு," என்றார்.

சேரன் அப்பாவின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தான். இன்னும் பக்கத்தில் போய் ஆட்டினான். பிறகு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் கீழே போட்டான்.

"அப்போ இவ்ளோ நாளா?" அவன் குரல் உடைந்தது. "தெனம் சாயந்திரமானா இதுக்குள்ள வந்து ஒக்காந்துக்கினியே. போன் பண்ணா, டெலஸ்கோப் பாத்துக்கினு கீறார்னு அம்மா சொல்லுமே. இன்னாத்தப்பா பாத்துக்கினு இருந்த?"

"நான் எங்கடா பாத்தேன்," என்றார் ஆரோக்கியராஜ். "ஒங்கம்மா பாத்தா. நான் கேட்டுக்கினு இருந்தேன்."

வேணி முக்காலியைப் பார்த்தாள்.

"டீய எடுத்துக்கினு வருவா. அந்த முக்காலி மேல ஏறி நிப்பா. எந்தப் பக்கம் திருப்பணும்னு நான் சொல்வேன், அவ திருப்புவா. தெரியறத அவ சொல்வா, நான் திருப்பிச் சொல்வேன். வண்டில போறப்போ அசிஸ்டெண்டுகூடப் போவமே, அதே மாதிரிதான். மொதல்ல 'ஒரு பொட்டு தெரியுது, போ'ன்னு அலுத்துக்குவா. அப்புறம் அவளுக்கே ஆசை வந்துடுச்சு. வியாழன் கோளாண்ட குட்டி குட்டியா நாலு புள்ளி, ஒண்ணு மட்டும் தள்ளி நிக்குது, கோவிச்சுக்கினு போவுது போலன்னு எல்லாம் சொல்வா." அவர் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்வை போன கண்ணிலும் தண்ணீர் வரத்தானே செய்கிறது. "அவ போனப்புறமும் தெனம் வந்து ஒக்காந்துதான் பாக்கறேன். யாரும் எதுவும் சொல்றதில்ல."

சேரன் அழுதான். வளர்ந்த ஆள், வேன் ஓட்டுகிற முரட்டு ஆள், தகரச் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு சத்தமாகவே அழுதான். வேணி அவன் முதுகில் கை வைத்தாள். அந்த வாரம் போட்ட சண்டையெல்லாம் எதற்கு என்று இருவருக்கும் தோன்றியது.

கொஞ்சம் ஓய்ந்த பிறகு சேரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தான். "ரூஃபைத் தெறடி," என்றான்.

இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே பின்னால் போயிற்று. வெளியே நன்றாக இருட்டியிருந்தது. அப்பா சொன்ன மாதிரியே தெற்கே, உயரத்தில், மஞ்சளாக ஒன்று சிமிட்டாமல் நின்றுகொண்டிருந்தது. வேணி குழாயை அதை நோக்கித் திருப்பி, நுனிக்காலில் எம்பி, மேலே இருக்கும் சின்னக் குழாயில் குறிபார்த்து நிறுத்தினாள். டிம்மரைத் திருகிச் சிவப்பையும் குறைத்தாள்.

சேரன் முக்காலியில் ஏறினான். முக்காலி அவனுக்குத் தேவையே இல்லை. அம்மா நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்று ஏறினான் போலிருக்கிறது. உடம்பை வளைத்துக் கண்ணை வைத்தான்.

"கேளுப்பா," என்றான். "இன்னிக்கி நான் சொல்றேன். நீ திருப்பிச் சொல்லு."

அப்பாவின் முகம் அன்று முதல்முறையாக மலர்ந்தது. "சொல்லு சேரா."

"நடுவுல ஒரு உருண்ட."

"உருண்ட."

"மஞ்சளாக் கீது."

"மஞ்சள்."

"அடேங்கப்பா. வளையம்பா. சுத்தியும் ஒரு வளையம், ஜோரா தெரியுது. உள்ளாற ஊதா, அப்புறம் பச்சை, வெளில செவப்பு. ஏழு கலரும் கீது போல." அவன் கண்ணை எடுக்காமலே குழந்தை போலச் சிரித்தான். "இம்மாம் அழகா இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சேப்பா."

அப்பா திருப்பிச் சொல்லவில்லை.

தூணைப் பிடித்திருந்த அவர் கை மட்டும் இறுகியது. மலர்ந்திருந்த முகம் அப்படியே நின்றுபோயிற்று.

"வேணி," என்றார் மெதுவாக. "நீ பாரும்மா."

"இரு வேணி, நான் இன்னும் கொஞ்ச நேரம்..."

"எறங்குடா. அவ பாக்கட்டும்."

சேரன் இறங்கினான். வேணி ஏறினாள். கண்ணைத் துடைத்துவிட்டு வைத்தாள். கறுப்பு வானம். நடுவில் சின்னதாக, சுத்தமாக ஒரு மஞ்சள் உருண்டை. அதன் குறுக்கே ஊசி போல ஒரே ஒரு கோடு. அதைச் சுற்றி எதுவும் இல்லை.

"கோடுதான்ப்பா," என்றாள்.

"கோடு," என்றார் ஆரோக்கியராஜ்.

கீழே தெருவில் யாரோ பிள்ளைகள் கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். சேரன் ஒன்றும் புரியாமல் அப்பாவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு மிச்சம் இருந்தது.

"இன்னாப்பா? வளையம் நல்லாத்தானே தெரிஞ்சுது?"

அப்பா அவன் இருக்கும் பக்கம் கையை நீட்டினார். தோளைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து அவன் கன்னத்துக்கு வந்து, கண்ணோரமாக விரலை வைத்தார்.

"வேணி," என்றார். "அவன்கிட்ட இருக்கற வண்டிச் சாவிய வாங்கிக்கம்மா."